மரபியலும் உயிர்நூலும்

தமிழில் இல்லாத பொருளே உலகில் இல்லை என்று பேசுவது நம்மவர் கூட்டங்களில் ஒரு வழக்கமாகிவிட்டது. அண்மையில் புக்கிட் தெங்காவில் நடந்த ஓர் இலக்கியக் கூட்டத்தில் பேசிய அன்பர் ஒருவர், லின்னேயஸும் டார்வினும் பிறப்பதற்குப் பன்னூறு ஆண்டுகட்கு முன்பே உயிர்களை வகுத்துக் காட்டிய விஞ்ஞானி தொல்காப்பியர் என்றும், ஆதலின் இத்துறையில் மேல்நாட்டாரிடம் நாம் கற்கவேண்டுவது ஒன்றுமில்லை என்றும் முழங்கினார். கைதட்டல் அடங்கச் சிறிது நேரம் ஆயிற்று. நானும் கை தட்டினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆயின், வீடு திரும்பியதும் மரபியலை எடுத்து முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். படித்து முடித்தபோது தொல்காப்பியரிடம் எனக்கிருந்த மதிப்பு மிகுந்தது. அன்பர் கூறியதோ சிறிதும் பொருந்தவில்லை. அஃது எவ்வாறு என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் தமிழ்ப் புலவனல்லன். செம்பனைத் தோட்டம் ஒன்றில் கிராணியாகக் காலந்தள்ளுபவன். ஆங்கில வழியில் கற்றவனாதலால் லின்னேயஸின் பெயரைப் பள்ளியிலேயே அறிந்தேன். மரபியல் என்றொரு பகுதி உண்டென்பதை முப்பது வயது கடந்த பின்னரே அறிந்தேன். இது பெருமைப்படத்தக்கதன்று. எனினும், இரண்டையும் வயது வந்த பிறகு அருகருகே வைத்துப் பார்க்கும் வாய்ப்பு இதனால் கிடைத்தது.

மரபியல், தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் கடைசி இயல். அதில் உயிர்கள் அறிவின் எண்ணிக்கையால் ஆறாக வகுக்கப்படுகின்றன. தொட்டுணர்வு ஒன்றே உடையன புல்லும் மரமும். அதனோடு நாவுணர்வும் உடையன நந்து முதலியன. மூக்குணர்வும் சேரப் பெற்றன சிதலும் எறும்பும். கண்ணும் பெற்றன நண்டும் தும்பியும். செவியும் பெற்றன விலங்குகள். இவ்வைந்தோடு மனமும் உடையவன் மனிதன். விலங்குகளிலும் ஒரு சாரார்க்கு இவ்வாறாம் அறிவு உண்டு என்ற குறிப்பும் அங்கே காணப்படுகிறது. இம்முறையைத் தாமே கண்டதாக ஆசிரியர் கூறவில்லை. நுணுகி உணர்ந்தோர் தமக்கு முன்பே ஒழுங்குபடுத்தியது என்று அடக்கத்தோடு கூறுகிறார். இவ்வடக்கம் நம் மேடைகளில் ஏன் காணப்படுவதில்லை என்று தெரியவில்லை.

ஒரு நூலை மதிப்பிடுவோர், அது எதற்காக எழுந்தது என்பதை முதலிற் பார்க்கவேண்டும். மரபியல் எழுந்தது உயிர்நூல் கற்பிப்பதற்கன்று. சொல் வழுவாமற் காப்பதற்கே. எந்த உயிரின் இளமையைக் குட்டி என்பது, எதனைக் கன்று என்பது, எதனைப் பறழ் என்பது, ஆணையும் பெண்ணையும் எவ்வெப் பெயரால் வழங்குவது என்பனவே அவ்வியலின் பெரும்பகுதி. எனவே அஃது உயிர்களை வகுப்பதன் வாயிலாகச் சொற்களை வகுக்கிறது. இதனை மறந்து அதனை ஒரு விஞ்ஞான நூலாக்குவது, நல்ல அரிவாளை எடுத்துச் சவரம் செய்யப் புகுவது போலாகும். குற்றம் அரிவாளின் மேலதன்று.

ஆயினும், சொல்லைக் காக்கப் புகுந்தவர் கண்ணைத் திறந்து வைத்தே காத்திருக்கிறார் என்பதற்கு ஒரு சான்று உண்டு. உள்ளே மென்மையும் புறத்தே வயிரமும் உடையவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரமுடையவற்றை மரம் என்றும் வழங்குவர் என்கிறது மரபியல். இதன்படி பனையும் தென்னையும் மூங்கிலும் மரமல்ல, புல். இதனை முதலிற் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு எங்கள் தோட்டத்தில் மறுநடவுக்காகச் செம்பனைகளை வீழ்த்தியபோது, அறுபட்ட அடியை நின்று பார்த்தேன். ஓரத்திலே கத்தி ஏறாத கடினம். நடுவிலே நீர் கசியும் நார்ச்சோறு. என் தந்தையார் பால் வெட்டிய காலத்து ரப்பர் மரத்தையோ பட்டை நீக்கிப் பார்த்தால் நடுவரை கெட்டி மரம். புறக்காழ், அகக்காழ் என்ற இரண்டும் எங்கள் தோட்டத்திலேயே ஒன்றன்பின் ஒன்றாக வாழ்ந்திருக்கின்றன.

இவ்வேறுபாடு வெறுந்தோற்றமன்று. ஜான் ரே என்ற ஆங்கிலேயர் 1682-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், முளைக்கும் விதையில் ஒரே இலை தோன்றும் தாவரம், இரண்டு இலை தோன்றும் தாவரம் என்று பிரித்துக் காட்டினார். பனை, தென்னை, மூங்கில், நெல், அருகு யாவும் ஒருவித்திலையினத்தவை. அவற்றின் தண்டில், ஆண்டுதோறும் வளையம் வளையமாகப் பருத்து உள்ளே வயிரம் சேர்க்கும் படலம் கிடையாது. ஆகவே பனையை நெல்லோடும் அருகோடும் ஒரு பக்கத்தில் நிறுத்திய பழந்தமிழர் கண் பெரிதும் பிழைபடவில்லை.

இன்னும் ஒன்று. ஓலை, மடல், பாளை, ஈர்க்கு, குலை முதலியன புல்லின் உறுப்புப் பெயர்கள் என்றும், இலை, தளிர், சினை முதலியன மரத்தின் உறுப்புப் பெயர்கள் என்றும் மரபியல் பிரித்துரைக்கிறது. எங்கள் தோட்டத்தில் வேலை செய்யும் தமிழர் எவரும் மரபியலைப் படித்தவரல்லர். எனினும் 'ஓலையை வெட்டு', 'குலையை இறக்கு' என்று செம்பனைக்கே சொல்வர். 'ரப்பர் ஓலை' என்று எவரும் சொல்லக் கேட்டதில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு புதுத் தாவரத்துக்குப் பழைய சொற்கள் பிழையின்றிப் போய் அமர்ந்தன. இது மரபியலுக்குக் கிடைத்த நற்சான்று என்பேன்.

இனி அதன் எல்லையையும் பார்ப்போம். லயத்தின் ஓரத்தில் நிற்கும் பப்பாளியை எடுத்துக்கொள்க. அதன் தண்டின் நடுவே வெறும் புழை. அகத்தே வயிரம் என்பதே இல்லை. காழினைக் கொண்டு பார்த்தால் அதனை மரமென்று கூற முடியாது. வித்திலையைக் கொண்டு பார்த்தால் இரண்டிலை. எனவே அது ரப்பரோடு சேர்ந்தது, பனையோடன்று. காழே இல்லாத கீரைச் செடிக்கோ இவ்விரண்டிலும் இடமில்லை.

அறிவின் எண்ணிக்கைக்கு வந்தால் இடர்ப்பாடு மிகுகிறது. எறும்புக்குக் கண்ணில்லை என்பது அவ்வகுப்பின் பொருள். பெரும்பாலான எறும்புகளுக்குக் கண் உண்டு. நிலத்து நத்தைக்கும் கொம்பு நுனியிற் கண் உண்டு. எறும்பும் தும்பியும் ஆறு காற் பூச்சிகளாய் ஒரு குடியிற் பிறந்திருக்க, அவற்றை வெவ்வேறு படியில் ஏற்றிவைத்து, சிதலையும் எறும்பையும் ஒரு படியில் அமர்த்துகிறது மரபியல். சிதல் என்பது கறையான். அதன் நெருங்கிய உறவு கரப்பான். எறும்பின் உறவோ குளவியும் தேனீயும். டி.என்.ஏ. என்னும் மரபணுப் பொருளை ஒப்பிட்டு ஆராய்ந்தோர் 2007-ஆம் ஆண்டில், கறையானுக்கெனத் தனி வரிசையே தேவையில்லை, அது கரப்பான் வரிசைக்குள் அடங்கும் என்று காட்டினர்.

தொல்காப்பியரை மட்டும் இதில் குறைகூற வேண்டா. ஆங்கிலேயரும் கறையானை 'வெள்ளெறும்பு' என்றே அழைத்தனர். அப்பெயரால் நானே ஒருமுறை ஏமாந்தேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பொருட்கிடங்கின் உத்தரங்களைக் கறையான் அரித்தது. 'வெள்ளெறும்பு மருந்து' என்று எழுதி, எறும்புக்கு வைக்கும் சர்க்கரை கலந்த இரையை வாங்கி வைத்தேன். கறையான் அதனைத் திரும்பியும் பார்க்கவில்லை. அதற்கு வேண்டியது மரம். ஒரு மாதம் கழித்து உத்தரம் ஒன்றை மாற்ற வேண்டியதாயிற்று. பெயர் பிழைத்தால் உறவு பிழைக்கும். உறவு பிழைத்தால் செய்கையும் பிழைக்கும் என்பதை அன்று கற்றேன்.

உயிர்நூலார் செய்வது யாது? அவர்கள் வேலை இரண்டு வகைப்படும். கையிலுள்ள உயிர் இன்னதென்று இனங்காணல் ஒன்று. அது யாருடைய உறவு என்று வகுத்து வைத்தல் மற்றொன்று. முன்னதற்கு வினா நிரல்களை வைத்திருக்கின்றனர். 'இலை எதிரெதிரே நிற்கிறதா, மாறி மாறி நிற்கிறதா? கிள்ளினால் பால் வருகிறதா, இல்லையா?' என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்து தேர்ந்து செல்ல, கடைசியில் பெயர் வந்து நிற்கும். பிரெஞ்சு நாட்டு லமார்க் 1778-ஆம் ஆண்டில் தம் நாட்டுத் தாவரங்களுக்கு இம்முறையிலே நூல் செய்தார்.

பின்னதாகிய வகுத்தல் அவ்வளவு எளிதன்று. பயனைக் கொண்டு வகுத்தால் ஏமாறுவோம். பாரா ரப்பர் பரவும் முன்னர் மலாயாவில் ரம்போங் என்ற மரத்தின் பாலையும் ரப்பராக்கி விற்றனர். சந்தையில் இரண்டும் ரப்பர்தான். ஆனால் ரம்போங் ஆலுக்கும் அரசுக்கும் அத்திக்கும் உடன்பிறப்பு. 1877-இல் 22 கன்றுகளாகச் சிங்கப்பூர் வந்து, பின்னர் நம் முன்னோரை இந்நாட்டில் வேலைகொண்ட பாரா ரப்பரோ ஆமணக்கின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் நம்மவர் பலரின் பசி தணித்த மரவள்ளியும் அக்குடும்பமே. ஆணும் பெண்ணுமாய்ப் பிரிந்த சிறு பூக்களும், மூன்று அறையாய் முற்றும் காயும் இம்மூன்றிலும் ஒத்திருத்தல் காண்க. வெயிலில் ரப்பர்க்காய் படீரென வெடித்து விதை தெறிப்பதைக் கேட்டு வளர்ந்தவர்கள், ஆமணக்குக் காயையும் ஒருமுறை கையிலெடுத்துப் பார்க்கட்டும். உயரத்தையும் விலையையும் விட்டுப் பூவையும் காயையும் பார்ப்பவனுக்கே உறவு தெரியும்.

மேல்நாட்டார் இதனை ஒரே நாளிற் கண்டுவிடவுமில்லை. லின்னேயஸ் பூவின் மகரந்தக் காம்புகளை எண்ணித் தாவரங்களை வகுத்தார். அஃதும் அறிவை எண்ணுவது போன்றதோர் எண்ணிக்கையே. ஆதலின் உறவில்லாதவை ஒன்றாயின, பின்வந்தோர் அதனைக் கைவிட்டனர். 1758-ஆம் ஆண்டுப் பதிப்பில் அவர் வௌவாலை மனிதனும் குரங்கும் உள்ள வரிசையிற் சேர்த்திருந்தார். அதனையும் பின்வந்தோர் மாற்றினர். ஆனால் அவர் தந்த ஒன்று நிலைத்தது. 1753-இல் ஒவ்வொரு தாவரத்துக்கும் இரண்டே சொற்களாலான பெயரை வகுத்தார்: முதற்சொல் பேரினம், அடுத்தது சிற்றினம். நம் காந்தளைப் பாருங்கள். செங்காந்தள், கார்த்திகைப்பூ, கலப்பைக் கிழங்கு, கண்வலிக் கிழங்கு என்று ஊருக்கொரு பெயர். கிழங்கோ நஞ்சு. 'குளோரியோசா சூப்பர்பா' என்று லின்னேயஸ் வைத்த பெயரோ பினாங்கிலும் பெர்லினிலும் ஒரே செடியையே குறிக்கும்.

அப்பெயர் நழுவாமற் காப்பது யாது? மாதிரி. புதிய இனமொன்றுக்குப் பெயரிடுவோர், அப்பெயர்க்குரிய செடியை உலர்த்தித் தாளில் ஒட்டிப் பொதுக்கூடம் ஒன்றில் வைத்தல் வேண்டும். ஐயம் எழும்போது எவரும் சென்று பார்க்கலாம். லின்னேயஸின் மாணவர் கேனிக் 1768-இல் தரங்கம்பாடிக்கு வந்து நம் தமிழ் மண்ணின் செடிகளைச் சேகரித்ததும், உலர்த்தி ஐரோப்பாவுக்கு அனுப்பியதும் இதற்காகவே. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்கள் எண்ணப்படுகின்றன. உலக இலக்கியத்தில் அரிதான பட்டியல் அது. ஆனால் அவற்றுட் சில எந்தச் செடியின் பூ என்பதில் இன்றும் புலவர்கள் தம்முள் மாறுபடுகின்றனர். சொல்லைப் போற்றிய நாம் செடியை வைக்கவில்லை. சொல் இருக்கிறது, பொருள் ஐயத்திற் கிடக்கிறது.

'நான்கறிவுயிர் என்றாலென்ன, மூக்கு வண்டு என்றாலென்ன, எல்லாம் பூச்சிதானே' என்பார்க்குத் தோட்டத்திலிருந்தே ஒரு விடை கூறுவேன். 1917-இல் சிலாங்கூரின் தென்னமரத் தோட்டத்தில் செம்பனை வாணிகப் பயிராயிற்று. அதன் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. இந்நாட்டில் போதிய காய் பிடிக்காமையால், தொழிலாளர் மரம் மரமாகச் சென்று மகரந்தத்தைக் கையால் தூவ வேண்டியிருந்தது. செம்பனையின் தாயகமாகிய ஆப்பிரிக்காவில் இத்தொல்லை இல்லையே என்று ஐயுற்றுக் கமரூன் நாட்டில் ஆராய்ந்தார் ரஹ்மான் சையத் என்ற பூச்சிநூல் வல்லுநர். அங்கே ஆண் பூவில் மொய்க்கும் மூக்கு வண்டுகள் ஒன்றையொன்று ஒத்த பல இனங்களாய் இருந்தன. அவற்றைத் தனித்தனியே இனங்கண்டு, செம்பனைப் பூவிலன்றி வேறெங்கும் பெருகாத ஒன்றைத் தேர்ந்து, பிற பயிர்க்குத் தீங்கில்லை என்று சோதித்த பின்னரே 1981-இல் மலேசியாவில் விடுத்தனர். அரிசி மணியினும் சிறிய அவ்வண்டு, ஆயிரக்கணக்கான கைகளின் வேலையைத் தன் வேலையாக்கிக்கொண்டது. இனம் மாறியிருந்தால் பயனின்றிப் போயிருக்கும், தீங்காகவும் முடிந்திருக்கலாம்.

நிற்க. மரபியலில் என்னை நெடுநேரம் நிறுத்திய சொல் ஒன்றுண்டு. ஒவ்வொரு வகுப்பையும் கூறியபின், அக்கிளையிற் பிறந்தன பிறவும் உண்டு என்று ஆசிரியர் கதவைத் திறந்தே வைக்கிறார். கிளை என்பது மரத்தின் கொம்பு. கிளை என்பது சுற்றமும் ஆகும். டார்வின் 1859-இல் வெளியிட்ட நூலில் உள்ள படம் ஒன்றே ஒன்று. அது கிளைத்துச் செல்லும் கோடுகளின் படம். பிறப்பு வழியே கிளைத்தமையால் உயிர்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன என்பதே அதன் கருத்து. மரபியலாசிரியரிடம் அச்சொல் இருந்தது, அக்கருத்து இல்லை. அவர் கட்டியது ஏணி. படிப்படியாக உயர்ந்து உச்சியில் மனிதனை அமர்த்துவது. உயிர்நூல் கண்டதோ உச்சி என ஒன்றில்லாத கிளைகளை. இவ்வேறுபாட்டை மறைத்து, 'எல்லாம் அங்கேயே இருக்கிறது' என்பது தொல்காப்பியர்க்குச் செய்யும் மரியாதையன்று.

ஏணியில் ஓர் ஆபத்தும் உண்டு. ஏணி கட்டிப் பழகியவர் மனிதனிடம் வந்ததும் அவனுக்குள்ளும் படி கட்டத் தொடங்குவர். அதே மரபியலின் பிற்பகுதியில் அந்தணர்க்கு நூலும் முக்கோலும் கரகமும், அரசர்க்குக் கொடியும் குடையும், வைசிகர்க்கு வாணிகம், வேளாண் மாந்தர்க்கு உழவு என்று நால்வகுப்பு கூறப்படுகிறது. அவை பிற்காலத்தார் இடையிற் செருகியவை என்று கருதும் அறிஞர் பலர். இருக்கலாம். செருகல் என்று தள்ளிவிட்டால் நம் மனம் ஆறுதலடையும். ஆனால் அவற்றை ஆராயும் கடமை தீர்ந்துவிடாது. எறும்புக்குக் கண்ணுண்டா என்பதை எவரும் எறும்பைப் பார்த்துச் சோதிக்கலாம், பிழையெனின் திருத்தலாம். நூலையும் கரகத்தையும் ஒருவன் கையிலிருந்து வாங்கி மற்றொருவன் கையிற் கொடுத்தால், எஞ்சுவன இரண்டு மனிதர். சோதிக்கத்தக்கது வகுப்பு, சோதிக்க விடாதது கட்டளை.

லின்னேயஸும் இதே குழியில் வீழ்ந்தார். மனிதனை நாட்டாலும் நிறத்தாலும் நால்வகையாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு குணத்தையும் ஒட்டிவிட்டார். வௌவாலின் பிழை எவரையும் வருத்தவில்லை. இப்பிழையோ உலகை நெடுங்காலம் வருத்தியது. எர்ன்ஸ்ட் மேயர் 1942-இல் வகுத்த இலக்கணப்படி, தம்முட் கூடி வளமுள்ள சந்ததி பெறும் கூட்டம் ஓர் இனம். அவ்வகையில் மனிதர் யாவரும் ஒரே இனம். 1972-இல் லெவொண்டின் கணித்துக் காட்டியபடி, மனிதரிடையே உள்ள மரபு வேறுபாட்டில் ஏறத்தாழ 85 விழுக்காடு ஒரே சமூகத்தாருக்குள்ளேயே காணப்படுவது. சமூகங்களுக்கு இடையே உள்ளது எஞ்சிய சிறு பகுதியே.

இவ்விடத்தில் நம் கலைச்சொல்லாக்கத்தையும் சிறிது கண்டித்தல் தகும். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம் என்று கூறுமிடத்து, இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் வரிசையை 'வருணம்' என்றும் பேரினத்தைச் 'சாதி' என்றும் வழங்கி வந்துள்ளன. ஆக்கியோர் உள்நோக்கத்தோடு ஆக்கினர் என்று கூறேன். சாதி என்பதற்கு வகை என்ற பொருளும் உண்டு. ஆயினும், புலியையும் பூனையையும் பிரிக்கக் கற்கும் பிள்ளை, அதே சொல்லைத் தெருவில் மனிதர்மேற் கேட்கிறது. இயற்கையிலேயே சாதி உண்டு போலும் என்று அது எண்ணினால் பழி யாருடையது? பேரினம், சிற்றினம் என்ற நல்ல சொற்கள் இருக்க, ஐயத்துக்கு இடமான சொல் நமக்கெதற்கு?

நம் பத்திரிகைகளிலும் மேடைகளிலும் 'ஆறறிவு படைத்த மனிதன்' என்பது அடிக்கடி வரும் தொடர். நானும் எழுதியிருக்கிறேன். அதனை நாம் ஒரு பட்டம் போல அணிந்துகொள்கிறோம். ஆறாவது அறிவு மனிதனிடம் தோன்றும் இடம், தான் கூறியது பிழையென்று கண்டபோது அதனை மாற்றிக்கொள்ளும் இடமே. மகரந்தக் காம்பை எண்ணிய முறையைக் கைவிட்டவர்களும், வௌவாலை இடம் மாற்றியவர்களும், கறையானைக் கரப்பானோடு சேர்த்தவர்களும் அவ்வறிவையே பயன்படுத்தினர். பனையை அறுத்துப் பார்த்துப் புல் என்று துணிந்த நம் முன்னோரும் அதனையே பயன்படுத்தினர். அவர்கள் கண்டதை மனப்பாடமாக ஒப்பிப்பதோடு நில்லாது, அவர்கள் பார்த்தவாறு நாமும் பார்ப்போமாக. அடுத்த கூட்டத்திற்கு அவ்வன்பர் வரும்போது, வழியில் ஒரு பப்பாளித் தண்டையும் ஓர் ஆமணக்குக் காயையும் எடுத்துவரும்படி கேட்டுக்கொள்ள எண்ணியிருக்கிறேன்.